வெற்றிச் சான்றிதழில் கையெழுத்திடுவது யார்?

தேர்தல் என்றதும் பிரச்சாரம், வாக்குப்பதிவு, வாக்கு எண்ணிக்கை, வெற்றி ஊர்வலம் ஆகியவைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் எண்ணிக்கைக்கும் ஊர்வலத்துக்கும் நடுவே சின்னதாக ஒரு வேலை இருக்கிறது. எண்ணி முடித்த கணக்கைக் கூட்டிப் பார்த்து, இதுதான் முடிவு என்று எழுதி, பொறுப்பில் உள்ளவர் கையெழுத்திட வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் வென்றவர் பதவியேற்க முடியாது.

சரி, கையெழுத்திட வேண்டியவர் மறுத்துவிட்டால்? அல்லது தோற்றவர் பெயரிலும் இன்னொரு காகிதம் தயாராகிவிட்டால்?

இந்த இரண்டு கேள்விகளோடும் அமெரிக்கா சுமார் 150 ஆண்டுகளாகப் போராடி வருகிறது. அங்கே ஒவ்வொரு நெருக்கடிக்குப் பிறகும் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு சட்டத்திலும் இருந்த ஓட்டையை அடுத்த நெருக்கடி காட்டிக் கொடுத்தது. அந்தக் கதைதான் இது.

முறை என்ன?

அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் மக்கள் வாக்களிப்பது "தேர்வாளர்கள்" என்ற குழுவுக்கு. இன்று நாடு முழுவதும் 538 தேர்வாளர்கள். 270 பேரின் வாக்கைப் பெற்றவர் அதிபர்.

நவம்பரில் வாக்குப்பதிவு முடிந்ததும் முதலில் ஒவ்வொரு கவுன்டியிலும் (ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி) ஒரு வாரியம் கணக்கைச் சரிபார்த்துச் சான்றளிக்கும். பிறகு மாநிலம் சான்றளிக்கும். ஆளுநர் கையெழுத்திடுவார். டிசம்பரில் தேர்வாளர்கள் கூடி வாக்களித்து, அந்தச் சான்றிதழைத் தலைநகருக்கு அனுப்புவார்கள். ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒன்றாகக் கூட, செனட் தலைவரான துணை அதிபர் உறைகளைப் பிரிப்பார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 1804ல் வந்த 12வது அரசியல் சட்டத் திருத்தம், செனட் தலைவர் உறைகளைப் பிரிக்க வேண்டும், பின்னர் வாக்குகள் எண்ணப்பட வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. பிரிப்பவர் யார் என்பது தெளிவு. எண்ணுபவர் யார்? அது எழுதப்படவில்லை. ஒரே மாநிலத்திலிருந்து இரண்டு உறைகள் வந்தால் எதை எண்ணுவது? அதுவும் எழுதப்படவில்லை.

1876: ஒரு மாநிலம், பல சான்றிதழ்கள்

அது உள்நாட்டுப் போர் முடிந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். 1876 நவம்பர் 7 அன்று நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சியின் சார்பில் ரதர்ஃபோர்டு ஹேய்ஸும், ஜனநாயகக் கட்சியின் சார்பில் சாமுவேல் டில்டனும் போட்டியிட்டார்கள். மக்கள் வாக்கில் டில்டன் சுமார் இரண்டரை லட்சம் அதிகம் பெற்றார். அன்றைக்கு மொத்தத் தேர்வாளர் வாக்கு 369, தேவை 185. டில்டன் கையில் சந்தேகமில்லாமல் 184 இருந்தது. ஒன்றே ஒன்று குறைவு! ஹேய்ஸிடம் 165. மீதி 20 வாக்குகள் தகராறில் இருந்தன. ஃப்ளோரிடா 4, லூசியானா 8, தென் கரோலினா 7, ஓரிகன் 1.

தெற்கில் இருந்த மூன்று மாநிலங்களிலும் தேர்தலே ரத்தத்தில் நனைந்திருந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டுப் புதிதாக வாக்குரிமை பெற்ற கறுப்பின மக்கள் வாக்குச்சாவடிக்கு வராமல் இருக்க ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல்கள் மிரட்டின. அந்த ஆண்டு ஜூலையில் தென் கரோலினாவின் ஹாம்பர்க் என்ற ஊரில் கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர். மறுபுறம், குடியரசுக் கட்சியின் கையில் இருந்த மாநிலத் தேர்தல் வாரியங்கள், மிரட்டலும் மோசடியும் நடந்தது என்று சொல்லிப் பல இடங்களின் வாக்குகளைத் தள்ளுபடி செய்து ஹேய்ஸ் வென்றதாகச் சான்றளித்தன. ஜனநாயகக் கட்சியினர் தங்கள் சான்றிதழைத் தனியாக அனுப்பினார்கள். ஓரிகனில் கதை வேறு. அங்கே ஒரு குடியரசுக் கட்சித் தேர்வாளர் அஞ்சல் அலுவலர் என்பதால் தகுதி இல்லை என்று சொல்லி, ஜனநாயகக் கட்சி ஆளுநர் அந்த இடத்தைத் தன் கட்சிக்காரருக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆக, நான்கு மாநிலங்களிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் வந்து சேர்ந்தன. செனட் குடியரசுக் கட்சியிடம், பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியிடம். செனட் தலைவரே எண்ணலாம் என்றால் ஹேய்ஸ் வெல்வார். இரு அவைகளும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றால் முடிவே வராது.

கடைசியில் 1877 ஜனவரியில் அவசரமாக ஒரு சட்டம் போட்டு 15 பேர் கொண்ட ஆணையத்தை அமைத்தார்கள். செனட்டிலிருந்து 5 பேர், பிரதிநிதிகள் சபையிலிருந்து 5 பேர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 5 பேர். கட்சிக் கணக்கில் ஏழுக்கு ஏழு. பதினைந்தாவது ஆளாக, கட்சி சாராதவர் என்று பெயரெடுத்த நீதிபதி டேவிட் டேவிஸ் வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் அவரைச் செனட்டராகத் தேர்ந்தெடுத்துவிட்டது! அவர் ஒதுங்கிக்கொண்டார். அந்த இடத்துக்கு வந்தவர் குடியரசுக் கட்சிச் சார்புள்ள நீதிபதி ஜோசப் பிராட்லி. தகராறில் இருந்த மாநிலங்கள் அத்தனையிலும் தீர்ப்பு எட்டுக்கு ஏழு என்றே வந்தது. 20 வாக்குகளும் ஹேய்ஸுக்கே. மார்ச் 2 அதிகாலையில் 185க்கு 184 என்று முடிவு அறிவிக்கப்பட்டது. பதவியேற்புக்கு இரண்டே நாள் இருந்தது.

யார் கொடுத்த விலை?

ஜனநாயகக் கட்சி இதை ஏன் ஏற்றுக்கொண்டது? திரைமறைவில் நடந்த பேரம் எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. ஆனால் அடுத்து நடந்தது பதிவாகியிருக்கிறது. 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா தலைமைச் செயலகங்களைக் காத்து நின்ற மத்திய அரசின் படைகளை ஹேய்ஸ் விலக்கிக்கொண்டார். இரண்டு மாநில அரசுகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போயின. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, வன்முறை என்று ஒவ்வொன்றாக வந்து தெற்கில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காகிதத்தில் மட்டும் விட்டுவைத்தன. 1965ல் வாக்குரிமைச் சட்டம் வரும் வரை ஏறக்குறைய இதே நிலைதான்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கையெழுத்து என்பது கடமையாக இல்லாமல் அதிகாரமாக மாறும்போது அது பேரம் பேசக்கூடிய பொருளாகிவிடுகிறது. பேரம் நடந்த அறையில் இல்லாதவர்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

1887: முதல் பூட்டு

இப்படி ஒன்று மறுபடி நடக்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் சட்டம் வரப் பத்து ஆண்டுகள் ஆயின. 1887 பிப்ரவரி 3 அன்று தேர்வாளர் வாக்கு எண்ணிக்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கிய விதிகள்:

ஒன்று, மாநிலத்துக்குள் எழும் தகராறைத் தேர்வாளர்கள் கூடுவதற்கு ஆறு நாட்களுக்கு முன்பே மாநிலம் தன் சட்டப்படி தீர்த்துவிட்டால், அந்த முடிவு நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தும்.

இரண்டு, ஒரு மாநிலத்தின் வாக்கை எதிர்ப்பவர்கள் எழுத்து மூலம் எதிர்க்க வேண்டும். குறைந்தது ஒரு செனட்டரும் ஒரு பிரதிநிதியும் அதில் கையெழுத்திட வேண்டும்.

மூன்று, எதிர்ப்பு வந்தால் இரு அவைகளும் பிரிந்து போய் இரண்டு மணி நேரத்துக்குள் விவாதித்து முடிவெடுக்க வேண்டும். இரண்டு அவைகளும் ஒத்துக்கொண்டால் மட்டுமே ஒரு வாக்கைத் தள்ள முடியும்.

நான்கு, இரண்டு சான்றிதழ்கள் வந்து, அவைகளும் ஒத்துப்போகாவிட்டால் ஆளுநர் கையெழுத்திட்ட சான்றிதழே செல்லும்.

நல்ல சட்டம்தான். ஆனால் எழுதிய விதம் மோசம். ஒரே வாக்கியம் பல வரிகள் நீண்டு, படிப்பவர் தலையைச் சுற்ற வைக்கும். துணை அதிபரின் வேலை உறையைப் பிரிப்பது மட்டும்தானா என்பதையும் அது பளிச்சென்று சொல்லவில்லை. அதற்கும் முந்தைய 1845ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் அப்படியே நீடித்தது. தேர்தல் நாளில் ஒரு மாநிலம் தேர்வு செய்யத் "தவறிவிட்டால்" சட்டமன்றம் வேறு வழியில் தேர்வாளர்களை நியமிக்கலாம் என்றது அது. "தவறுவது" என்றால் என்ன? விளக்கம் இல்லை.

தங்கள் தோல்வியைத் தாங்களே அறிவித்தவர்கள்

இந்தப் பூட்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. சட்டத்தின் வலிமையோடு மனிதர்களின் பண்பும் அதற்குக் காரணம்.

1960 தேர்தலில் ஹவாய் மாநிலத்தில் முதலில் ரிச்சர்டு நிக்சன் 141 வாக்கில் முன்னணி என்று சான்றிதழ் போனது. மறு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோதே ஜனநாயகக் கட்சித் தேர்வாளர்களும் கூடித் தங்கள் வாக்கை எழுதி அனுப்பினார்கள். மறு எண்ணிக்கையில் கென்னடி 115 வாக்கில் வென்றார். 1961 ஜனவரி 6 அன்று அவைக்குத் தலைமை தாங்கிய துணை அதிபர் யார்? நிக்சனேதான்! இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஹவாயின் மூன்று வாக்குகளையும் கென்னடி கணக்கில் சேர்க்க அவர் வழி செய்தார்.

2000ல் ஃப்ளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டிசம்பர் 12 அன்று வந்த தீர்ப்பில் மறு எண்ணிக்கை நின்றது. 1887 சட்டம் சொன்ன அந்த "ஆறு நாள்" கெடு முடியும் நாளும் அதுவே. 2001 ஜனவரி 6 அன்று தலைமை தாங்கிய அல் கோர், தனக்கு ஆதரவாக எழுந்த பிரதிநிதிகளிடம் செனட்டர் கையெழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். இல்லை என்றதும் எதிர்ப்பைத் தள்ளினார். 271க்கு 266 என்று தன் தோல்வியைத் தானே வாசித்தார்.

2005ல் ஒஹாயோ மாநில வாக்கை எதிர்த்து ஒரு செனட்டரும் ஒரு பிரதிநிதியும் கையெழுத்திட்டார்கள். செனட்டில் 74க்கு 1 என்று அது தோற்றது. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டே கையெழுத்தில் அவையை நிறுத்த முடியும் என்பது எல்லோருக்கும் நினைவூட்டப்பட்டது.

2020: பூட்டு உடைந்த நாள்

2020 தேர்தலில் ஜோ பைடனுக்கு 306, டொனால்டு டிரம்புக்கு 232. முடிவை எதிர்த்து 60க்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே தோற்றன. வழக்கில் முடியாததைச் சான்றளிப்பில் முடிக்க முயற்சி நடந்தது.

மிச்சிகனில் மாநில வாரியத்தில் நான்கே பேர், கட்சிக்கு இருவர். நவம்பர் 23 அன்று அந்த நால்வர் மேல் நாடே கண் வைத்திருந்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கினார். இன்னொருவர், சான்றளிப்பதைத் தவிர வேறு எதையும் செய்யச் சட்டம் தங்களுக்கு அதிகாரம் தரவில்லை என்று சொல்லி ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களோடு சேர்ந்து வாக்களித்தார். முடிவு சான்றளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவருடைய கட்சி அவர் பெயரை அந்தப் பதவிக்கு மறுபடி பரிந்துரைக்கவில்லை.

ஜார்ஜியாவில் பைடனின் முன்னணி 11,779 வாக்கு. 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் அந்த மாநிலச் செயலாளருக்குத் தொலைபேசியில் பேசி, 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க விரும்புவதாகச் சொன்னார். செயலாளரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். ஆனாலும் அவர் இணங்கவில்லை. இதற்கிடையே டிசம்பர் 14 அன்று ஏழு மாநிலங்களில் டிரம்ப் ஆதரவாளர்கள் கூடித் தங்களைத் தேர்வாளர்கள் என்று எழுதிச் சான்றிதழ் அனுப்பியிருந்தார்கள். ஹவாயைக் காட்டி இதை நியாயப்படுத்தினார்கள். ஆனால் ஹவாயில் அப்போது மறு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. இங்கே எல்லா மாநிலங்களும் சான்றளித்து முடித்திருந்தன.

2021 ஜனவரி 6 அன்று துணை அதிபர் மைக் பென்ஸ், எந்த வாக்கை எண்ணுவது என்று தன்னந்தனியாக முடிவு செய்யும் அதிகாரம் தனக்கு இல்லை என்று கடிதம் வெளியிட்டார். அன்று பிற்பகல் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்தை உடைத்துக்கொண்டு நுழைந்தது. சுமார் 140 காவலர்கள் காயமடைந்தார்கள். உறுப்பினர்கள் ஓடி ஒளிய நேர்ந்தது. அந்தக் குழப்பத்திலும் செனட் ஊழியர்கள் சான்றிதழ்கள் இருந்த மரப்பெட்டிகளை மறக்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள். இரவு அவை மீண்டும் கூடியது. அரிசோனா, பென்சில்வேனியா மாநிலங்கள் மீதான எதிர்ப்புகள் இரு அவைகளிலும் தோற்றன. பென்சில்வேனியாவை எதிர்த்துப் பிரதிநிதிகள் சபையில் மட்டும் 138 பேர் வாக்களித்திருந்தார்கள். மறுநாள் அதிகாலையில்தான் எண்ணிக்கை முடிந்தது.

2022: இரண்டாவது பூட்டு

இந்த முறை பத்து ஆண்டுகள் ஆகவில்லை. செனட்டர்கள் சூசன் காலின்ஸ், ஜோ மான்சின் ஆகியோர் தலைமையில் இரு கட்சியினரும் சேர்ந்து எழுதிய சீர்திருத்தச் சட்டம் 2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தானது. பழைய ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன.

எண்ணிக்கையில் துணை அதிபரின் வேலை வெறும் அலுவல் கடமை என்று வெளிப்படையாக எழுதப்பட்டது. அவர் ஒரு தபால்காரர் மாதிரி. கடிதத்தைச் சேர்க்கலாம், உள்ளே இருப்பதைத் திருத்த முடியாது.

எதிர்ப்புத் தெரிவிக்க ஒவ்வொரு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். அதாவது 20 செனட்டர்கள், 87 பிரதிநிதிகள்.

ஆளுநரோ, மாநிலச் சட்டம் குறிப்பிடும் அலுவலரோ அனுப்பும் சான்றிதழ் ஒன்றே ஒன்றுதான் செல்லும். அதில் தகராறு என்றால் வேட்பாளர் மூன்று நீதிபதிகள் கொண்ட மத்திய நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்கு விரைவாக நடக்கும். மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு.

1845ன் "தவறிவிட்டால்" நீக்கப்பட்டது. பேரிடர் போன்ற அசாதாரணச் சூழலில் மட்டும், அதுவும் தேர்தலுக்கு முன்பே எழுதப்பட்ட மாநிலச் சட்டப்படி மட்டும், வாக்குப்பதிவை நீட்டிக்கலாம்.

கவுன்டி வாரியங்கள்

மேலே பூட்டுப் போட்டதும் தகராறு கீழே இறங்கியது. 2022 ஜூனில் நியூ மெக்சிகோவின் ஒட்டேரோ கவுன்டி, உட்கட்சித் தேர்தல் முடிவுக்குச் சான்றளிக்க மறுத்தது. வாக்கு எந்திரங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்றார்கள். ஆதாரம் எதுவும் தரவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டு ஆணையிட்டது. கடைசியில் 2க்கு 1 என்ற வாக்கில் சான்றளித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அரிசோனாவின் கோச்சிஸ் கவுன்டி கெடுவைத் தவறவிட்டது. டிசம்பர் 1 அன்று நீதிபதி உத்தரவிட, அன்றே கையெழுத்தானது. மறுத்த இரண்டு உறுப்பினர்கள் மீது பின்னர் குற்ற வழக்கும் வந்தது.

நீதிமன்றங்கள் இங்கே பயன்படுத்தியது மாண்டமஸ் என்ற பழைய ஆயுதம். "உன் கடமையைச் செய்" என்று அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் கட்டளை அது. வாரியத்தின் வேலை கூட்டிப் பார்த்துக் கையெழுத்திடுவது. மோசடி என்று சந்தேகம் இருந்தால் அதை விசாரிக்க நீதிமன்றம் இருக்கிறது, மறு எண்ணிக்கை இருக்கிறது. 2022ல் மிச்சிகன் மக்கள் இதைத் தங்கள் மாநில அரசியல் சட்டத்திலேயே வாக்களித்துச் சேர்த்துக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் ஜார்ஜியாவில் ஒரு நீதிபதியும், சான்றளிப்பது வாரிய உறுப்பினர்களின் கட்டாயக் கடமை என்றே தீர்ப்பளித்தார்.

குற்றவியல் சட்டம் மட்டும் அவ்வளவு தூரம் வரவில்லை. ஜனவரி 6 வழக்குகளில் அரசு பயன்படுத்திய முக்கியப் பிரிவு ஒன்று, என்ரான் ஊழலுக்குப் பின் 2002ல் வந்த சட்டத்தைச் சேர்ந்தது. அது ஆவணங்களையும் சாட்சியங்களையும் கெடுப்பதைப் பற்றியது என்று சொல்லி 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதன் வீச்சைக் குறைத்தது. 2025 ஜனவரி 20 அன்று மீண்டும் பதவியேற்ற டிரம்ப், அந்தத் தாக்குதல் தொடர்பான சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்.

அரை மணி நேரம்

2025 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. துணை அதிபர் கமலா ஹாரிஸ் அவைக்குத் தலைமை தாங்கினார். டிரம்புக்கு 312, தனக்கு 226 என்று அவரே அறிவித்தார். ஒரு எதிர்ப்பும் இல்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. புதிய சட்டம் சந்தித்த முதல் எண்ணிக்கை அது.

ஆனால் அதைச் சட்டத்தின் வெற்றி என்று உடனே சொல்லிவிட முடியாது. அன்று தோற்ற தரப்பு தோல்வியை ஒத்துக்கொண்டிருந்தது. ஒத்துக்கொள்ளாத ஒருவர் வரும்போதுதான் அந்தப் பூட்டின் பலம் தெரியும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1887க்குப் பிறகு பல பத்தாண்டுகள் எண்ணிக்கை அமைதியாக நடந்தது. சான்றிதழ்கள் ஒழுங்காக வந்தன, கையெழுத்துகள் சரியாக இருந்தன. அதே ஆண்டுகளில்தான் தெற்கில் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வாக்குச்சாவடிப் பக்கமே போக முடியாமல் இருந்தார்கள். சான்றிதழைக் காக்கும் சட்டம், பெட்டியில் விழுந்த வாக்கைத்தான் காக்கும். விழவிடாமல் தடுக்கப்பட்ட வாக்குக்கு 1965ல் தனியாக ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

1877ல் ஒரு கையெழுத்து பேரமானது. 2020ல் மிச்சிகனில் ஒருவர் தன் கையெழுத்து பேரத்துக்கு உரியதில்லை என்றார், பதவியையும் இழந்தார். சட்டங்கள் இவ்வளவு காலமாகச் செய்ய முயல்வது இதுதான்: அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் இவ்வளவு துணிச்சல்காரராக இல்லாவிட்டாலும் கையெழுத்து சரியான இடத்தில் விழ வேண்டும்.